சுவருக்குள்ளிருந்து இரண்டு தடவை

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லப்போனால் குறைத்துத்தான் சொல்கிறேன். விஜயம் இதைச் சொன்னபோது இரண்டு மூன்று இடங்களில் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அந்த இடங்களை நானாக இட்டு நிரப்பவில்லை. வலியசாலையில் அவளைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பால்காரரிடம்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாதவள். பயந்த சுபாவமும் கிடையாது. அப்படிப்பட்டவள் இன்றைக்கும் அந்தச் சித்திரக்கூடத்தைத் தாண்டி பஸ் போகும்போது, பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிடுகிறாள்.

2003-ம் வருஷம், கர்க்கடக மாதம், நம் ஆடி. திருவனந்தபுரத்தில் விடாத மழை.

சித்திரக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஜனங்கள் இன்றும் போய்வருகிற இடம். ராஜா காலத்துக் கட்டடம். இரண்டு வருஷம் மூடிப்போட்டு, எல்லாவற்றையும் புதுப்பித்து, அந்த வருஷம்தான் திறந்திருந்தார்கள். பழைய ஜன்னல்களையெல்லாம் உள்பக்கமாகப் பலகை அடித்து மறைத்து, வெள்ளையடித்து, படங்களை அதன்மேல் மாட்டியிருந்தார்கள். முழுக்க ஏசி. தரையில் முகம் பார்க்கலாம் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது.

விஜயத்தின் மாமனார் பிச்சுமணிக்கு எழுபத்தெட்டு வயது. கோட்டைக்குள்ளும் சாலைக் கடைத்தெருவிலும் காலமெல்லாம் தபால் கொடுத்தவர். இப்போது அவருடைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. மகன் கல்யாணராமனுக்குக் கொச்சியில் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வரும் மகனைப் பார்த்து, "சார் எங்கேருந்து வரேள்?" என்று சில வாரம் கேட்பார். மற்ற நாளெல்லாம் அவருக்கு எல்லாமே விஜயம்தான். அதை அவள் பாரமாக நினைத்ததில்லை. காலையில் சுவாமிக்கு விளக்கேற்றுகிறாள், அப்பா என்றே கூப்பிடும் மாமனாருக்கு வேட்டி கட்டிவிடுகிறாள். அவளுக்கு இரண்டும் ஒரே காரியம்.

அவருக்குச் சர்க்கரை வியாதியும் உண்டு. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்று அவருடைய உயிர் ஊசலாடியது இதனால்தான். மத்தியானம் மாத்திரை போட்டால் சாயங்காலத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மாசியில் ஒரு தடவை அப்படி இறங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் விஜயத்திடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். வேர்க்க ஆரம்பித்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் அப்புறம் வாயில் எதையும் போடக்கூடாது. அதற்கப்புறம் ஆள் பிழைப்பது கஷ்டம்.

அதனால் அவள் எங்கே போனாலும் பையில் பிஸ்கட்டும் கல்கண்டும் இருக்கும்.

அந்தப் பைதான் வாசலோடு நின்றுவிட்டது.

"பை, குடை, மொபைல் எல்லாம் இங்கே வெச்சிட்டுத்தான் போணும் அக்கா" என்றாள் பொருள் வாங்கி வைக்கிற பெண். பெயர் ஷீனா. விதுரா பக்கத்து எஸ்டேட் தமிழ்க் குடும்பம்.

பிச்சுமணி குடையை விடவில்லை. "தந்தா திரும்பத் தருவையோ?"

"தாத்தா, உள்ளே ராஜாமாரு படமெல்லாம் மாட்டி வெச்சிருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு உங்க குடையையா கொண்டுபோவாங்க?"

"ராஜா படத்தை மழைக்குப் பிடிச்சுண்டு போக முடியுமோ?"

ஷீனா சிரித்துவிட்டாள். குடையை வாங்கித் தனியாக ஓரத்தில் சாய்த்து வைத்தாள்.

"ரெண்டு பிஸ்கட் மட்டும் எடுத்துக்கட்டுமா? இவருக்குச் சுகர் உண்டு" என்றாள் விஜயம்.

"தின்பண்டம் உள்ளே விடமாட்டாங்க அக்கா. அரைமணிக்கூர் போதும். பாத்துட்டு வந்திடலாம்."

அரைமணி நேரம்தானே என்று விஜயமும் நினைத்தாள். அப்போது மணி நான்கு.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி நின்றிருந்தார். சுவாமிதாஸ் என்று பெயர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கையில் சாவிக்கொத்து. "அஞ்சு மணிக்கு அடைச்சிருவோம். அதுக்கு முன்ன இறங்கிரணும் கேட்டியளா" என்றார். எல்லையோரத்துப் பாறசாலைப் பேச்சு.

உள்ளே மழைச் சத்தமே இல்லை. ஒரு கூடத்துக்குள் இன்னொரு கூடம், அதற்குள் இன்னொன்று. மழைநாளானதால் வேறு ஆளும் இல்லை. வீணை வைத்திருக்கிற பெண்கள், தலைப்பாகை கட்டிய திவான்கள், தொட்டில் குழந்தைகள். ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு. பிச்சுமணி எதையும் கண்டுகொள்ளாமல் நடந்தார். கடைசிக் கூடத்தில் போய் நின்றார். அங்கே சுவர் நீளத்துக்கு ஒரு படம். கிழக்கேகோட்டையில், சுவாமி தீர்த்தமாடப் போகிற ஆறாட்டு ஊர்வலம். யானை, குடை, தீவட்டி, வீதியெல்லாம் ஜனம்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"விஜயம், இது பழவங்காடி. இதோ இந்த ஓட்டுக் கட்டடம் பாத்திரக்கடை. மாடியிலே ஒரு வக்கீல். அவருக்கு வாரம் ஒரு கடுதாசி வரும், சிங்கப்பூர்லேருந்து."

மகன் பெயர் நினைவில்லாதவர், படத்திலிருந்த வீதியில் வீடு வீடாகத் தபால் கொடுத்துக்கொண்டு போனார். எத்தனையோ நாளுக்கப்புறம் அவரை அப்படிப் பார்க்கிறாள். விஜயத்துக்குக் கண் நிறைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அங்கேதான் முதலில் ஒன்று தோன்றியது. அந்தக் கூடம் முழுக்கக் குளிர். ஆனால் ஊர்வலப் படத்துக்கு இடதுபக்கம், வெறும் சுவர் இருந்த இடத்தில், குளிர் இல்லை. கையை நீட்டினால் இளஞ்சூடு. காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சூடு.

சுவரில் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் வந்தது. வேலையெல்லாம் முடிந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

"யாரோ இருமறா" என்றார் பிச்சுமணி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரும் இல்லையேப்பா."

"உள்ளே இருமறா."

அவர் சுவரைக் காட்டினார். விஜயம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இப்போதெல்லாம் இப்படி எதையாவது சொல்வதுதான். மணியைப் பார்த்தாள். ஐந்தடிக்க இரண்டு நிமிஷம். தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா, எழுந்திருங்கோ. போலாம்."

அப்போதுதான் கரண்ட் போனது.

டப்.

எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தது. ஏசியின் ரீங்காரம் மெல்ல இறங்கி நின்றது. ஜன்னல் எல்லாம் அடைத்த கூடம். முன் கூடத்து வாசலிலிருந்து கொஞ்சம் சாம்பல் வெளிச்சம், அவ்வளவுதான். விஜயம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுப்பினாள்.

தூரத்தில் ஓர் ஆண் குரல்.

"ஆளுண்டோ...?"

காவலாளியின் குரல். மூடுவதற்கு முன் ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார். விஜயம் வாயைத் திறந்தாள். பிச்சுமணியின் கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

"பதில் சொல்லாதே."

வலியசாலையில் அவர்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம். அவர்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெற்குச் சீமை முழுக்கவே உண்டு. இருட்டில் ஆளைக் காணாமல் குரல் மட்டும் கேட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிடுகிறவரை காத்திருக்க வேண்டும். மனுஷர் என்றால் மூன்று தடவை கூப்பிடுவார்கள். மற்றவை இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். பெற்ற மகனின் பெயரை மறந்தவருக்கு இது மட்டும் மறக்கவில்லை.

"ஆளுண்டோ...?"

இரண்டாவது தடவை. விஜயம் அவர் கையை விலக்கப் பார்த்தாள். பிடிவாதம் பிடித்தால் அவர் தரையில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழுப்ப முடியாது. மூன்றாவது தடவை வரட்டும், உடனே பதில் சொல்லிவிடலாம், ஒரு நிமிஷத்தில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று நின்றாள்.

நின்றாள்.

மூன்றாவது தடவை வரவில்லை.

கடகடவென்று ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது.

விஜயம் கையை உதறிக்கொண்டு ஓடினாள். ஒரு கூடம் தாண்டுவதற்குள் இருந்த வெளிச்சமும் போய்விட்டது. சுவரைத் தடவிக்கொண்டே போனாள். கை ஒரு கனமான கதவில் பட்டது. தீப்பிடித்தால் பரவாமலிருக்கப் புதிதாகப் போட்ட கதவு. கை வலிக்கத் தட்டினாள். கூப்பிட்டாள். மெத்தையில் தட்டுவது போலச் சத்தம் கதவிலேயே அமுங்கியது. அந்தப்பக்கம் ஷட்டர். அதற்கப்பால் கர்க்கடக மழை.

"ஷீனா... ஷீனா..."

யாருக்கும் கேட்கவில்லை.

திரும்பித் தடவித் தடவிக் கடைசிக் கூடத்துக்கு வந்தாள். "அப்பா?" என்றாள். பதில் இல்லை. காலில் ஏதோ தட்டியது. அவர் தரையில், அந்த வெற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டாள்.

ஈரம்.

சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின.

"அப்பா, என்னைத் தெரியறதா?"

"ரிஜிஸ்டர் தபால்... கையெழுத்துப் போடணும்..." நாக்கு குழறியது.

விஜயம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பில் ஏதாவது முடிந்து வைத்திருக்கிறோமா என்று பார்த்தாள். இடுப்பில் தேடினாள். அவர் சட்டைப் பையில் தேடினாள். விபூதிப் பொட்டலம் மட்டும் இருந்தது. வாசலில், நூறடி தூரத்தில், பை நிறைய பிஸ்கட்டும் கல்கண்டும். இங்கே ஒன்றுமில்லை.

பழவங்காடிப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டாள். எனக்காகக் கேட்கவில்லை, இவருக்கு வாயில் போட ஒரு துளி இனிப்பு, அவ்வளவுதான் என்று வேண்டிக்கொண்டாள். கைக்கடிகாரத்தின் ரேடியம் முள் மட்டும் பச்சையாகத் தெரிந்தது. ஐந்தே முக்கால்.

அப்போது அந்த இருமல் கேட்டது.

வறண்ட இருமல். சுவருக்குள்ளிருந்து.

விஜயம் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

கொர்... கொர்... பலகையின் உள்பக்கம் நகத்தால் கீறுகிற சத்தம். மேலிருந்து கீழே வந்தது. நின்றது.

"ஆரும் இருக்கீயளா...?"

பெண் குரல். கரகரத்த, சின்னக் குரல்.

பலகை போட்டு மூடிய சுவர். அதற்குப் பின்னால் பழைய ஜன்னல். அதற்குப் பின்னால் மழை.

"ஆரும் இருக்கீயளா...?"

இரண்டு தடவை.

அவள் காத்திருந்தாள். கந்த சஷ்டி சொல்லப் பார்த்தாள். முதல் வரிக்கு மேல் வரவில்லை.

மூன்றாவது தடவை இல்லை.

பிச்சுமணியின் மூச்சு மட்டும், மேலும் கீழுமாக.

மறுபடியும்.

"ஆரும் இருக்கீயளா...?"

"ஆரும்... இருக்கீயளா...?"

நின்றுவிட்டது. மறுபடியும் இரண்டுதான்.

பிச்சுமணி முனகவில்லை இப்போது. "அப்பா" என்று கன்னத்தைத் தட்டினாள். கண்ணிமை அசைந்தது. அசைந்தது, அவ்வளவுதான். நினைவு தப்ப இன்னும் எத்தனை நிமிஷம்? ஐந்தா? இரண்டா?

அந்த நேரத்தில் தன் மனதில் என்ன ஓடியது என்று விஜயம் என்னிடம் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன். "பயமாத்தான் இருந்தது. ஆனா அந்தக் குரல் என்னைப் பயமுறுத்தற குரல் இல்லை. அதுவே பயந்துண்டு கேக்கற குரல். நான் கதவைத் தட்டினப்போ என் குரலும் அப்படித்தானே இருந்திருக்கும். யாராவது பதில் சொல்ல மாட்டாளான்னு."

மூன்றாவது தடவைக்கு அவள் காத்திருக்கவில்லை.

"இருக்கோம்மா" என்றாள்.

சத்தமே இல்லை.



பிறகு, மிகக் கிட்டத்தில், தரையோடு தரையாக, அவள் முழங்கால் பக்கத்திலிருந்து...

"அக்கா... நெசமாவே இருக்கீயளா?"

விஜயம் அழுதுவிட்டாள். ஏன் என்று தெரியவில்லை. "இருக்கேம்மா. இவருக்குச் சர்க்கரை இறங்கிடுத்து. இனிப்பு ஏதாவது இருக்கா உங்கிட்ட?"

உள்ளே துணி உரசுகிற சத்தம்.

"இந்தா பிடிங்க."

விஜயம் இருட்டில் கையை நீட்டினாள். சுவரின் அடியில் காற்றுக்காக விட்டிருந்த துவாரம் கையில் தட்டியது. அதிலிருந்து விரல்கள் வந்து அவள் உள்ளங்கையைத் தொட்டன. சொரசொரவென்று, சுண்ணாம்பு காய்ந்த விரல்கள்.

கொதித்தன.

உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி.

விஜயம் அதைப் பல்லால் பொடித்து, அவர் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தேய்த்தாள். ஒரு விழுங்கல். இன்னொன்று. பிறகு அவராகவே நாக்கைச் சப்பினார். வேர்வை நின்றது. "காப்பியா?" என்று கேட்டார்.

"அம்மாடி, நீ நல்லாருக்கணும். நீ யாரு? அங்கே எப்படிப் போனே?"

இருமல் மட்டும். பிறகு...

"தண்ணி இருக்காக்கா?"

"இல்லையேம்மா. எல்லாம் வெளியிலே பையிலே இருக்கே."

"செரி... செரிக்கா."

அந்தச் "செரிக்கா"வைச் சொல்லும்போதுதான் விஜயத்துக்கு முதல் தடவை பேச்சு நின்றது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. கதவைத் திறந்ததும் உன்னையும் கூட்டிண்டு போயிடறேன்."

"மூணாவது வாட்டி கூப்பிட எனக்குத் தொண்டை வரல்லக்கா... அதான் ஆரும் வரல்ல."

விஜயத்தின் கை அப்படியே நின்றது.

மூன்றாவது தடவையைப் பற்றி அவள் வாய்விட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"உனக்கு... எப்படிம்மா..."

கடகடவென்று ஷட்டர் தூக்குகிற சத்தம். டார்ச் வெளிச்சம். ஓடிவருகிற காலடிகள்.

"அக்கா! தாத்தா!"

ஷீனாதான். வீட்டுக்குப் போக விதுரா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், ஓரத்தில் சாய்த்து வைத்த குடையை யாரும் திரும்ப வாங்கவில்லை என்று நினைவுக்கு வந்ததும் இறங்கிவிட்டாள். அன்றைக்கு அந்த பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம். இருந்தும் நனைந்துகொண்டு திரும்பி வந்து, சுவாமிதாஸைத் தேடிப்பிடித்துப் பூட்டைத் திறக்கவைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணை எந்தத் தெய்வமும் கைவிடாது.

"உள்ளே ஒரு பொண்ணு இருக்கா" என்றாள் விஜயம். "இந்தச் சுவருக்குள்ளே. தண்ணி கேக்கறா. முதல்ல அதைத் திறங்கோ."

சுவாமிதாஸ் டார்ச்சைச் சுவருக்கு அடித்தார். அடியில் அந்தத் துவாரம் இருந்தது. அதன்மேல் இரும்பு வலை வைத்து ஆணி அறைந்திருந்தது. எலி வராமலிருக்க அடித்த வலை. அதில் ஒரு சுண்டுவிரல்கூட நுழையாது.

அவர் டார்ச்சைச் சுவரிலிருந்து திருப்பிக்கொண்டார்.

"அங்க ஆளு இல்லம்மா" என்றார். "பெரியவரக் கூட்டிட்டு வாருங்க. வேகம் வாருங்க."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயமில்லை என்றார்கள். "நல்ல வேளை, சமயத்துக்கு இனிப்பு குடுத்திருக்கீங்க" என்று டாக்டர் பாராட்டினார். விஜயம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கருப்பட்டிப் பிசுக்கோடு சேர்ந்து, வெள்ளையாகச் சுண்ணாம்பு.

பத்து நாள் கழித்து, மழை சற்று ஓய்ந்த ஒரு மத்தியானம், விஜயம் தனியாகத் திரும்பப் போனாள். கையில் ஒரு பாட்டிலில் துளசி போட்ட தண்ணீர். போகாமலிருக்க அவளால் முடியவில்லை. கேட்டவளுக்குக் கொடுக்கவில்லையே என்று அத்தனை நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஷீனா அவளை வெளியே மதில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரிடம் அனுப்பினாள். "அந்த ஹால் பணி செய்தது அவங்க ஆளுகதான் அக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவருகிட்ட கேளுங்க."

ஞானசிகாமணி என்று பெயர். நரைத்த தலை. கழுத்தில் சிலுவை. விஜயம் சொன்னதை முழுக்கக் கேட்டார். குரல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னாள். அவர் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேரு சுடலைமாடத்தி. மாடத்தின்னு விளிப்போம். வள்ளியூருப் பக்கம். சித்தாளா வந்த பிள்ள. அன்னைக்கு அதுக்குக் காய்ச்சலும் இருமலும். அந்தச் சுவருக்கும் பலகைக்கும் இடையில ஆளு படுக்க இடம் உண்டு. காய்ச்சலுக்குத் தணுப்பா இருக்கும்னு அதுக்குள்ள போயிப் படுத்திருக்கு. எங்க ஆருக்கும் தெரியாது. பலகை அடிக்கிறவன் வந்தான், அடிச்சு மூடிட்டுப் போயிட்டான்."

"தேடலையா?"

"சனிக்கிழமையில்லா. ஊருக்குப் போயிருக்கும்னு நினைச்சோம்."

அவர் கையிலிருந்த சாந்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தியில சாமானம் எடுத்து வைக்க நாங்க நாலு பேரு மட்டும் உள்ள நின்னோம். கரண்ட் இல்ல. அப்பம் கேட்டுச்சு. ஆளில்லாத சுவருக்குள்ள இருந்து. 'ஆரும் இருக்கீயளா'ன்னு. ஒரு தடவ. பொறவு இன்னொரு தடவ."

விஜயம் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு பேரும் தெக்கத்திக்காரங்க. சின்னதுல இருந்து கேட்டு வளர்ந்ததுதானே. மூணாவது கூப்பிடட்டும்னு நின்னோம். நான் வேதக்காரன், இதெல்லாம் நம்பப்படாது. நானும் நின்னேன். காதத் தீட்டிட்டு நின்னேன் தாயி. கூப்பிடல்ல. ஓடிட்டோம்."

"அப்புறம்?"

"ஞாயிறு பணியில்ல. திங்களும் செவ்வாயும் ஹர்த்தால். புதன்கிழம பலகையக் கழத்தி எடுக்கும்போ..."

அவர் திரும்பிக்கொண்டு கல்லை எடுத்து வைத்தார்.

விஜயம் உள்ளே போனாள். தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோகக் கூடாது. சுவாமிதாஸ் பார்த்தார். கூடவே வந்தார். கடைசிக் கூடத்தில், அந்த வலைக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து, தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். வலை வழியாக உள்ளே போயிற்று. ஒரு துளிகூடத் தரையில் பரவவில்லை.

எழுந்தபோது சுவாமிதாஸ் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, ஒரு காரியம் சொல்லணும். அன்னைக்கு நான் ரெண்டு தடவ இல்ல, மூணு தடவ விளிச்சேன். என்னைக்கும் மூணு தடவதான். ஜோலியில சேர்ந்த நாள்ல இருந்து அதான் ரீதி."

"எங்களுக்கு மூணாவது கேக்கலையே."

"எனக்குப் பதிலே கேட்டுதே. மூணாவது விளிச்ச உடனே உள்ள இருந்து பொம்பளச் சத்தம். 'ஆரும் இல்ல அண்ணாச்சி, பூட்டிக்கிடுங்க'ன்னு. அதைக் கேட்டுத்தான் பூட்டினேன்."

விஜயம் அந்த வலையைத் திரும்பிப் பார்த்தாள். "யாருன்னு நினைச்சேள்?"

"பெருக்கித் தூத்துவாரற பொம்பளைன்னு நினைச்சேன். இது திறந்த நாள்ல இருந்து, தினசரி அந்திக்கு அதே சத்தம், அதே பதிலு. 'ஆரும் இல்ல அண்ணாச்சி.' நானும் பூட்டிட்டுப் போவேன். இப்பதான் விசாரிச்சேன்... தூத்துவாரறவங்க நாலு மணிக்கே போயிருவாங்களாம்."

வெளியே மறுபடி மழை பிடித்தது. ஐந்து மணி ஆகப்போகிறது. அவர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இப்பவும் பதில் வருதா?" என்று கேட்டாள் விஜயம்.

"வருது."

"அதேதானா?"

சுவாமிதாஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. நீங்க அன்னைக்கு அதுகூடப் பேசிட்டுப் போனதுக்குப் பொறவு மாறியிருக்கு. இப்பம் மூணாவது விளிச்சா, 'நான் ஒருத்தி இருக்கேன் அண்ணாச்சி'ன்னு சொல்லுது."

"நீங்க என்ன செய்யறேள்?"

"என்ன செய்ய?" என்றார் அவர். "அஞ்சு மணிக்குப் பூட்டணும்லா. பூட்டிட்டுப் போறேன்."